சின்ன நாய்க்குச் சரியான சாப்பாடு: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊர்த் தெருவில் நுழைந்தாலும் இப்போது ஒரு பொமரேனியனோ ஷிட்ஸுவோ பக்கோ கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்று குரைக்கிறது. முன்பு இந்தத் தெருக்களில் வளர்ந்தவை பெரும்பாலும் நாட்டு நாய்கள். வீட்டில் போடும் மிச்சச் சோறு அவற்றுக்குப் பாதிச் சாப்பாடுதான். மீதியை வயல் எலி, வரப்பு நண்டு, கறிக்கடை வாசல் என்று அவையே தேடிக்கொண்டன. கதவுக்குள் இருக்கும் சின்ன நாய்க்கு அந்த வழி கிடையாது. நாம் தட்டில் வைப்பது மட்டும்தான் அதன் உடம்பில் சேரும். ஆனால் நாட்டு நாய்க்குப் போட்ட அதே ரசம் சாதத்தையும் தயிர் சாதத்தையும்தான் பல வீடுகளில் இதற்கும் போடுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

வளர்ந்த பிறகு 10 கிலோவுக்குள் நிற்கும் நாய்களைத்தான் இங்கே சின்ன நாய் என்கிறேன். பொமரேனியன், ஷிட்ஸு, பக், லாசா ஆப்ஸோ, டாக்ஸ்ஹண்ட், மினியேச்சர் பின்ஷர், சிவாவா எல்லாம் இதில் அடங்கும். கணக்குக்கு 5 கிலோ நாய் ஒன்றைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். உங்கள் நாயின் எடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எடை போடுங்கள், தொட்டுப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் நாயின் எடை வந்துவிடும். மிகச் சின்னக் குட்டி என்றால் ஒரு கூடையில் வைத்து மளிகைக்கடைத் தராசில் போட்டுப் பார்க்கலாம், அதுதான் துல்லியம். 5 கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடுவது என்பது 70 கிலோ ஆளுக்கு 7 கிலோ கூடுவதற்குச் சமம். அதனால் அரைக் கிலோதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது விலா எலும்பு. பொமரேனியன், ஷிட்ஸு மாதிரி முடி அடர்ந்த நாய்களைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு கையையும் விலாவில் வைத்து லேசாகத் தடவுங்கள். உங்கள் கையை விரித்துப் புறங்கையை மற்ற கை விரலால் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் உடம்பு சரியாக இருக்கிறது. கையை முஷ்டியாக மடக்கி அந்த முட்டிகளைத் தடவுவதுபோல் துருத்திக்கொண்டு இருந்தால் மெலிந்திருக்கிறது. உள்ளங்கையைத் தடவுவதுபோல் அழுத்திப் பார்த்தால்தான் எலும்பு தெரிகிறது என்றால் கொழுப்பு ஏறிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்ளே ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்து காலண்டரில் எடையைக் குறித்துவையுங்கள்.

இரண்டாவது படி: ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை

சின்ன உடம்பு வேகமாகச் சூட்டை இழக்கும். அதனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்ன நாய்க்குத்தான் அதிகச் சத்து வேண்டும். வீட்டோடு இருக்கும் 20 கிலோ நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 50 கலோரி போதும். 3 கிலோ நாய்க்கு அது 75 முதல் 85 வரை போகும். ஆனால் வயிறோ கைப்பிடி அளவு. தேவை அதிகம், இடம் குறைவு. சின்ன நாயின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

மருத்துவர்கள் போடும் கணக்கு இது: எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் சும்மா படுத்திருக்கத் தேவையான அடிப்படைக் கலோரி கிடைக்கும். வீட்டில் நடமாடும் வளர்ந்த நாய்க்கு அதை 1.4 முதல் 1.6 வரை பெருக்க வேண்டும். அதன்படி 3 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 220 முதல் 255 கலோரி, 5 கிலோ நாய்க்கு 330 முதல் 375, 8 கிலோ நாய்க்கு 465 முதல் 535. கருத்தடை செய்த நாய், நாள் முழுக்க சோபாவில் கிடக்கும் நாய் என்றால் கீழ் எண்ணிலிருந்து தொடங்குங்கள். இது தொடக்கம்தான். மூன்று நான்கு வாரம் கழித்து எடையும் விலாவும் என்ன சொல்கின்றனவோ அதன்படி கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

மூன்றாவது படி: சோற்றைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள்

குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைச் சுற்றியே ஆண்டு நகரும் ஊரில் நாய்க்குச் சோறு போடாதே என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். குழைய வெந்த சோறு நாய்க்கு நன்றாகவே செரிக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவரே சோறும் வேகவைத்த கோழியும் கொடுக்கச் சொல்வார். தானியமே இல்லாத உணவுதான் உயர்ந்தது என்ற விளம்பரத்தையும் நம்பிவிட வேண்டாம். பருப்பு, பட்டாணி வகைகளை அதிகம் சேர்த்த தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதய வீக்கத்துக்கும் தொடர்பு இருக்குமா என்று 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே விசாரணையைத் தொடங்கியது.

சோறு கெட்டதல்ல. சோறு மட்டும் போதாது என்பதே விஷயம். 100 கிராம் வெந்த சோற்றில் 130 கலோரியும் 2.7 கிராம் புரதமும் இருக்கின்றன. நம் 5 கிலோ நாயின் 340 கலோரியைச் சோற்றிலேயே கொடுப்பதென்றால் 260 கிராம் சோறு உள்ளே போக வேண்டும். அந்த வயிற்றுக்கு அது பெரும் பாரம். அவ்வளவு தின்றாலும் கிடைக்கும் புரதம் 7 கிராம்தான். வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சம் 15 கிராம் வேண்டும். ரசம் ஊற்றிக் கரைத்தால் வயிறு தண்ணீரில் நிறையும், சத்து இன்னும் இறங்கும். பழைய சோறும் நீராகாரமும் அப்படித்தான். தயிர் சாதத்தில் கொஞ்சம் புரதம் ஏறும், ஆனால் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் டி எதுவும் தேவைக்கு வராது.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்த நான்கு மாதப் பொமரேனியன் குட்டி கண்ணிலேயே நிற்கிறது. முகமும் முடியும் அழகு. ஆனால் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து, மணிக்கட்டு தரையில் படிய நடந்தது. வாங்கிய நாளிலிருந்து சோறும் கோழிக்கறித் துண்டும்தான் சாப்பாடு என்றார்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. இரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டியின் எலும்பு மெத்தென்று ஆகி, கால் வளையும். லேசாகக் குதித்தாலே முறியும். அந்த வீட்டில் யாரும் அதைப் பட்டினி போடவில்லை. கறியே போட்டு வளர்த்தவர்கள். ஆசையாகப் போட்டாலும் சமநிலை இல்லாத சாப்பாடு இதைத்தான் செய்யும்.

நான்காவது படி: வயதைப் பாருங்கள்

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் 30 நாள், 40 நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவது நடக்கத்தான் செய்கிறது. அவ்வளவு சின்னக் குட்டியை வாங்க வேண்டாம். தாய்ப்பாலை விட்டு முழுச் சாப்பாட்டுக்கு மாறாத குட்டி பயணத்திலேயே துவண்டுவிடும்.

ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இருக்கும் குட்டிகளுக்கு ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு வேளை தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், கூப்பிட்டால் திரும்பாது, சில சமயம் வலிப்பும் வரும். அந்த நேரத்தில் தேனையோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இது வராமல் இருக்க, மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை என்று பிரித்துக் கொடுங்கள். இரவு படுக்கும் முன் கொடுக்கும் வேளையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள்.

நான்கு மாதம் வரை குட்டிக்கு அதன் எடைக்கான அடிப்படைக் கலோரியைப் போல மூன்று மடங்கு வேண்டும். ஒரு கிலோ குட்டிக்கு 210 கலோரி. பெரிய ஜாதி நாய்கள் ஒன்றரை வருடம்வரை வளரும். சின்ன ஜாதி 10 முதல் 12 மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடும். அதுவரை குட்டிக்கான உணவு, அதன் பிறகு வளர்ந்த நாய்க்கான உணவு. நல்ல குட்டி உணவு கொடுக்கும்போது தனியாகக் கால்சியம் டானிக் ஊற்றத் தேவையில்லை. வயதான நாய் என்பது சின்ன ஜாதியில் ஏறக்குறைய 10 வயதுக்கு மேல்தான். அப்போதும் சீனியர் என்று எழுதிய பாக்கெட்டுக்கு ஓடுவதைவிட, பல்லையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துவிட்டு மாற்றுவது நல்லது.

ஐந்தாவது படி: பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கடையில் விற்கும் நாய் உணவுப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோழியும் காரட்டும் படமாக இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பாக்கெட்டைத் திருப்புங்கள்.

முதலில் தேட வேண்டியது, எந்த வயதுக்கு இது முழுமையான சமச்சீர் உணவு என்ற வரி. ஏஏஎஃப்சிஓ என்ற அமெரிக்க அமைப்பின் அளவையோ ஃபெடியாஃப் என்ற ஐரோப்பிய அமைப்பின் அளவையோ குறிப்பிட்டிருப்பார்கள். இடைத்தீனி, துணை உணவு என்று போட்டிருந்தால் அதை மட்டும் கொடுத்து நாயை வளர்க்க முடியாது. கிரேவி பாக்கெட்டுகளில் இந்த வரியைக் கட்டாயம் பாருங்கள். சிலது முழு உணவு, சிலது வெறும் மேல்தூவல்.

அடுத்து புரதமும் கொழுப்பும். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதப் புரதம், 5.5 சதவீதக் கொழுப்பு, குட்டிக்கு 22.5-ம் 8.5-ம். இது அடிமட்ட அளவுதான். சின்ன நாய்க்கு இதைவிட மேலே இருப்பதைத்தான் நான் எடுப்பேன்: புரதம் 24-க்கு மேல், கொழுப்பு 12 முதல் 16 வரை. ஈர உணவில் 8 சதவீதப் புரதம் என்று போட்டிருந்தால் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதில் 80 சதவீதம் தண்ணீர். மீதி 20-ல் 8 என்றால் 40 சதவீதம்.

கலோரி போடாத பாக்கெட்டும் உண்டு. அதை நாமே கணக்குப் போட்டுவிடலாம். புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 என்று இருக்கிறது, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) சுமார் 8 என்று வையுங்கள். கூட்டினால் 58, நூறில் மீதி 42 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 84, 147, 102 சேர்ந்து 333 கலோரி. அதாவது 100 கிராமில் 333. நம் 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 100 கிராம் போட்டால் தேவை கிட்டத்தட்ட சரியாகிவிடும். டம்ளரால் அளக்காதீர்கள். ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு டப்பாவில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். கோழி, கோழித்தூள், மீன்தூள், முட்டை என்று விலங்குப் புரதம் ஒன்று முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் பெயரோடு இருக்க வேண்டும். ட்ரை ஃபுட் என்கிற உலர் உணவில் உருண்டையின் அளவையும் பாருங்கள். மினி, ஸ்மால் பிரீட் என்று போட்டிருக்கும் பாக்கெட்டில் உருண்டை சின்னதாக இருக்கும். பெரிய உருண்டையை சிவாவா கடிக்காமல் விழுங்கி விக்கும். பக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்கள் அதைக் கவ்வ முடியாமல் தட்டைச் சுற்றி வரும். இவற்றுக்கு ஆழமில்லாத அகலத் தட்டு வையுங்கள்.

லூஸாக விற்பதை வாங்காதீர்கள். மூட்டையைப் பிரித்து வைத்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்துக் கொடுக்கும் கடைகள் நம் ஊர்களில் நிறைய. விலை குறைவுதான். ஆனால் எப்போது பிரித்தார்கள், எந்த வயதுக்கான உணவு, எப்போது காலாவதி என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. திறந்து கிடக்கும் உணவில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்போது வைட்டமின்களும் போயிருக்கும்.

ஆறாவது படி: வீட்டில் சமைப்பதென்றால் முறையாகச் சமையுங்கள்

ட்ரை ஃபுட் வாங்கக் கட்டுப்படியாகாது, அல்லது நாய் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது என்றால் வீட்டுச் சாப்பாட்டிலும் நன்றாக வளர்க்கலாம். நமக்குச் சமைத்ததில் மிச்சத்தைப் போடக் கூடாது, அதற்கென்று தனியாகச் சமைக்க வேண்டும்.

வளர்ந்த 5 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு இப்படி: குழைய வெந்த சோறு 100 கிராம், தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 70 கிராம், ஈரல் 10 கிராம், பரங்கிக்காயோ காரட்டோ 30 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். இது 310 கலோரிக்கு மேல் வரும். உப்பு, மிளகாய், மசாலா, வெங்காயம் எதுவும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் கறியில் பாதியைக் குறைத்து ஒரு அவித்த முட்டை சேர்க்கலாம். ஈரல் நல்லது என்று தினமும் கைநிறையப் போடாதீர்கள், வைட்டமின் ஏ அளவு மீறிப் போகும்.

சுண்ணாம்புச்சத்துக்கு முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, வாணலியில் வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, கால் டீஸ்பூன் கலந்துவிடுங்கள். ஒரு டீஸ்பூன் ஓட்டுத் தூளில் சுமார் 2000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 400 முதல் 450 போதும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவற்றுக்கு நாய்களுக்கான சத்துப்பொடியை மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சேர்க்க வேண்டும். குட்டிக்கு மட்டும் வீட்டுச் சாப்பாட்டை மருத்துவர் வகுத்துக் கொடுக்காமல் தொடங்காதீர்கள். அந்த வயதில் ஏற்படும் குறையைப் பிறகு சரிசெய்வது கடினம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு மீன் மலிவு. மத்தி நல்ல மீன், முடிக்கும் தோலுக்கும் ஏற்ற கொழுப்பு அதில் இருக்கிறது. வேகவைத்து, கையால் பிசைந்து, ஒரு முள்ளும் இல்லாமல் எடுத்துவிட்டுக் கொடுங்கள். பச்சையாக வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. கோழிக்கடையில் இலவசமாகக் கிடைக்கும் தோலும் கொழுப்பும் பலர் வாங்கிப் போகும் பொருள். சின்ன ஜாதி நாய்களுக்குக் கணைய அழற்சி வர இந்த மாதிரிக் கொழுப்பு ஒரே வேளை போதும். வாந்தி, முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது, வயிற்றைத் தொடவிடாமல் கத்துவது என்று ஆரம்பித்து உயிருக்கே உலைவைக்கும். வெந்த எலும்பும் அப்படித்தான், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

அக்ரகாரங்களிலும் மற்ற சைவ வீடுகளிலும் நாய் வளர்ப்பவர்கள் கூச்சத்தோடு கேட்கிற கேள்வி, கறி இல்லாமல் முடியுமா என்பது. நாயால் முடியும், பூனையால்தான் முடியாது. ஆனால் பருப்புச் சாதமும் தயிரும் போட்டு முடியாது. முழுமையான சமச்சீர் உணவு என்று குறிப்பிட்ட சைவ ட்ரை ஃபுட் கடையில் கிடைக்கிறது, அதை அடிப்படையாக வையுங்கள். வீட்டில் முட்டைக்கு மட்டும் இடம் உண்டென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பன்னீர், தயிர் மேலே சேரட்டும். பால் மட்டும் அளவோடு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால்சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கில் போய் முடியும்.

ஏழாவது படி: அடுப்படியில் இருக்கும் விஷங்கள்

சின்ன நாய்க்கு எல்லாமே எடைக் கணக்குதான். வெங்காயம் நாயின் இரத்த சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டி ஒரே தடவையில் உள்ளே போனால் ஆபத்து. 5 கிலோ நாய்க்கு அது 25 கிராம், கைக்குள் அடங்கும் சில சின்ன வெங்காயம். வெங்காய சாம்பாரை ஊற்றிப் பிசைந்த சாதத்தில் அது சாதாரணமாகவே இருக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. பூண்டும் அதே குடும்பம். பாதிப்பு மூன்று நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் வரும்.

திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த அளவு பாதுகாப்பு என்று சொல்ல முடியாத பொருள் அது. சர்க்கரைப் பொங்கல், பாயசம், கேசரி எல்லாவற்றிலும் அது இருப்பதை நினைவில் வையுங்கள். 20 கிராம் டார்க் சாக்லேட்டே 5 கிலோ நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கலாம். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் சுகர்-ஃப்ரீ மிட்டாயும் சூயிங்கமும் கிடக்கும். அதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் ஒன்றிரண்டு துண்டே நாயின் இரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். டிகிரி காபியைச் சாசரில் ஊற்றி நக்கவிடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். மாங்கொட்டை விஷமல்ல, ஆனால் முழுங்கினால் சின்னக் குடலில் அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சைதான் வழி.

ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல், வீட்டுக் கல்யாணம் என்று ஆள் கூடும் நாட்களில் நாயை எச்சில் இலைப் பக்கம் விடாதீர்கள். வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

எட்டாவது படி: பிஸ்கட்டும் பெரியவர்களும்

டீக்கடை பிஸ்கட் ஒன்றில் 20 முதல் 25 கலோரி. நாய்க்கு இடைத்தீனி மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நம் நாய்க்கு அது 34, அதாவது ஒன்றரை பிஸ்கட். நடைமுறையில் அப்பா காலையில் இரண்டு, பையன் மாலையில் மூன்று, பாட்டி நடுவில் ஒன்று என்று அந்த நாய் தன் தேவையில் மூன்றில் ஒரு பங்கை மாவிலும் சர்க்கரையிலும் தின்றுவிடுகிறது. பிறகு தட்டில் வைத்த நல்ல உணவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. வீட்டில் அதற்கு ருசி பிடிக்கவில்லை என்று நினைத்து வேறு பிராண்டு வாங்குகிறார்கள்.

"அது வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு வாய் போடாம நான் எப்படிச் சாப்புடுறது?" என்று கேட்கும் அத்தைகளிடம் வாதாடிப் பயனில்லை. அது பாசம். காலையிலேயே நாயின் அன்றைய அளவிலிருந்து ஒரு கைப்பிடி ட்ரை ஃபுட்டை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு அவர்கள் பக்கத்தில் வைத்துவிடுங்கள். "அத்தை, நீங்க இதுலேருந்து போடுங்க, தட்டுலேருந்து வேணாம்" என்றால் ஒத்துக்கொள்வார்கள். போடுகிற கை அவர்களுடையதாக இருந்தால் போதும் அவர்களுக்கு. வெள்ளரித் துண்டு, வேகவைத்த பீன்ஸ், காரட் இவையும் கலோரி ஏறாத தீனி.

எடை கூடினால் டாக்ஸ்ஹண்டுக்கு முதுகுத்தண்டு, பொமரேனியனுக்கு முழங்கால் சில்லும் மூச்சுக்குழாயும், பக்குக்கு மூச்சுத்திணறல் என்று ஒவ்வொன்றும் அதனதன் பலவீனத்தில் போய் அடிக்கும்.

ஒன்பதாவது படி: வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி

கத்திரி வெயிலில் நாய் குறைவாகச் சாப்பிட்டால் பயப்பட வேண்டாம். வெயில் ஏறும் முன் காலை 6 மணிக்குள் ஒரு வேளை, பொழுது சாய்ந்ததும் ஒரு வேளை என்று மாற்றிவிடுங்கள். தண்ணீர் ஒரு கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, வெயிலில் இன்னும் கூடும். ஷிட்ஸு, லாசா ஆப்ஸோவுக்குச் சிறுநீர்ப்பைக் கல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ட்ரை ஃபுட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது நல்ல பழக்கம். ஊறிய உணவை அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விட்டுவைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைதான் ட்ரை ஃபுட்டுக்கு எதிரி. நம் ஊர் ஈரத்தில் திறந்த பாக்கெட் சீக்கிரமே நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் ஈரலை அழிக்கும் விஷம், அது கண்ணுக்கும் தெரியாது. 5 கிலோ நாய் மாதம் 3 கிலோதான் தின்னும். அதற்கு 10 கிலோ மூட்டை வாங்கினால் மலிவுதான், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். ஒரு மாதத்துக்குள் தீரும் பாக்கெட்டாக வாங்கி, பாக்கெட்டோடு அப்படியே காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். டின்னில் கொட்டினால் தேதியும் பேட்ச் எண்ணும் போய்விடும். அடியில் படியும் பழைய எண்ணெய் புதிய உணவையும் கெடுக்கும். தினமும் திறக்கும்போது ஒரு முறை முகர்ந்து பாருங்கள்.

பத்தாவது படி: மாற்றும்போது பொறுமை

உணவை மாற்ற ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால், பிறகு முழுதும். மலம் கெட்டியாக, எடுத்தால் ஒட்டாமல் வந்தால் செரிக்கிறது என்று அர்த்தம். இளகினால் முந்தைய அளவுக்கு இரண்டு நாள் திரும்புங்கள். தோல் அரித்தால் உடனே கோழி ஒவ்வாமை என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஈரப்பதத்தில் உண்ணியும் தெள்ளும் பூஞ்சையும்தான் முதல் சந்தேகம். உணவு ஒவ்வாமைதானா என்று உறுதி செய்ய, இதுவரை தின்னாத ஒரே புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த எட்டு வாரமும் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது.

பல்லையும் சாப்பாட்டோடு சேர்த்தே பாருங்கள். 42 பல் சின்ன வாயில் நெருக்கியடித்து நிற்பதால் காரை சீக்கிரம் கட்டும். ட்ரை ஃபுட் தின்றால் பல் தானாகச் சுத்தமாகிவிடாது. நாய்களுக்கான பேஸ்ட்டால் வாரத்தில் சில நாளாவது தேய்த்துவிட வேண்டும். நம் பேஸ்ட்டை அதற்குப் போடக் கூடாது.

சாப்பிடவே இல்லை என்றால்

வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடாவிட்டாலோ, சின்னக் குட்டி ஒரு வேளையை விட்டாலோ அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெல்டாவில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். காதுக்குள், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, உடம்பு கொதிக்கிறதா என்று பாருங்கள். நன்றாகத் தின்றும் இளைக்கும் குட்டிக்கு வயிற்றில் பூச்சி இருக்கலாம், பூச்சி மருந்து கொடுத்த தேதியைப் பாருங்கள். பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலேயே முதல் பரிசோதனையைச் செய்துவிடலாம். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று போக வேண்டியிருந்தால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. போகும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், காலண்டரில் குறித்த எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று நாள் பிஸ்கட் உட்பட வாயில் போட்ட எல்லாவற்றையும், யார் போட்டது என்பதையும் வீட்டில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.